அந்த ஒரு 'நாம'

பிப்ரவரி 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே அம்மா, உன் அண்ணி, நான் மூவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே? குழந்தைக்குச் சளி விட்டதா? அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள், நான் மாடியில் ஏறி எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதுபோல.

நீ பிடித்துக்கொடுத்த ஆர்டரால் நம் பட்டறையில் ஒரு மெஷின்கூடச் சும்மா இல்லை. அப்பா இருந்தபோதுகூட இரண்டு ஷிப்ட் ஓடியதில்லை. இரும்பு உருக்கும் ஆட்கள் போடுகிற கையுறை என்று சொன்னதும் தைக்கிற பெண்கள் தங்கள் கையையே விட்டுப் பார்த்து, "இதுக்குள்ள குடும்பமே குடியிருக்கலாம் போல" என்று சிரித்தார்கள். என் சட்டையில் தோல் வாடை போவதே இல்லை என்று உன் அண்ணி திட்டுகிறாள். காது குளிரத் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. உன் ஆபீஸ் அனுப்பிய நூல். நாம் எப்போதும் போடுவது மூன்று இழை. இது இரண்டு இழைதான். மினுமினுவென்று அழகாக இருக்கிறது, ஆனால் கட்டைவிரல் மூட்டில் இழுப்பு அதிகம், அங்கே தாங்குமா என்று எனக்குச் சந்தேகம். அதனால்தான் போன வாரம் போனில் உன் துறைத் தலைவரிடம் "நூலைக் கொஞ்சம் பாத்துக்குங்க சார்" என்றேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு என்னவோ சொன்னார். "பாத்தாச்சு, சரியா இருக்காம்" என்று நீ தமிழில் சொன்னாய். அவருக்குப் புரிந்ததா, பாப்பா?

அம்மாவின் ஆசிகளுடன்,
அண்ணன்


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். சளி விட்டுவிட்டது, குளிர்தான் விடவில்லை. அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை முந்தானையில் முடிந்துவைத்துவிட்டுப் போட்டேன் என்பாள், நம்பாதீர்கள்.

முதலில் உங்களோடு ஒரு சண்டை. அவ்வளவு பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது ஸ்பீக்கரில் "பாப்பா, நீ சொல்லு" என்கிறீர்களே! அது என்ன வார்த்தை என்று தலைவர் கேட்டார். அதிகாரிகளைக் கூப்பிடும் மரியாதைச் சொல் என்று சமாளித்தேன். அவர் உடனே அதை டைரியில் எழுதிக்கொண்டார், அடுத்த போனில் உங்களையே "பாப்பா" என்று கூப்பிட்டாலும் கூப்பிடுவார். அண்ணா, நீங்கள் என் கூடப்பிறந்தவர் என்று நான் ஆபீஸில் சொல்லவில்லை. சொந்தக்காரருக்கு ஆர்டர் வாங்கிக்கொடுத்தவள் என்று பேர் வந்தால் என் வேலை நிரந்தரமாகாது. இனிமேல் போனில் நான் உங்களுக்கு "மேடம்". நீங்கள் எனக்கு "சார்".

நூல் விஷயம். இங்கே யாரும் சுற்றி வளைப்பதில்லை. பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை என்பார்கள், பத்து நிமிஷத்தில் அதே ஆளோடு உட்கார்ந்து காபி குடிப்பார்கள். நீங்கள் "பாத்துக்குங்க சார்" என்றால், ஒருமுறை பார்த்துவிட்டு, பார்த்துவிட்டோம் என்று சொல்லிவிடுவார்கள். அதற்குள்ளே இருக்கிற "இது தாங்காது சார்" அவர்கள் காதில் விழாது. நம் பட்டறை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், நேராகச் சொல்லப் பழகுங்கள்.

உங்கள்,
பாப்பா


மார்ச் 6

மேடம் அவர்களின் மேலான சமூகத்துக்கு,

கையுறை தைக்கும் சார் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் சுகம். அங்கே மேடம், மேடத்தின் வீட்டுக்காரர், குட்டி மேடம் அனைவரும் சுகம்தானே?

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "இவ மேடம் ஆனது இன்னைக்கா? நாலு வயசுலேயே ஆயிட்டாளே" என்று அந்தப் பழைய கதையை எடுத்துவிட்டாள். நான் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேனாம். நீ வந்து என் முடியைப் பிடித்து இழுத்து, "இது எங்க அம்மா. உங்க அம்மா இல்ல. நீங்க உங்க வீட்டுக்குப் போங்க" என்றாயாம். அதற்கப்புறம் தெருவே உன்னை "எங்கம்மா, எங்கம்மா" என்று கூப்பிட்டது நினைவிருக்கிறதா? நீ அழுவாய், நான்தான் எல்லாரையும் விரட்டுவேன்.

நேராகச் சொல்லும் விஷயம். ஆர்டர் கொடுத்த மனுஷரிடம் "நீங்க குடுத்த நூல் மட்டம்" என்று எந்த வாயால் சொல்வது? அப்பா யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. நல்லபடியாகப் பேசினால் எந்த ஊர்க்காரருக்கும் புரியும். நடுவில்தான் நீ இருக்கிறாயே.

அண்ணன் (போனில் மட்டும் சார்)


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அம்மாவும் அண்ணியும் நலமா?

அவசரமாக எழுதுகிறேன். ஓர் உருக்காலையில் நம் கையுறையின் கட்டைவிரல் தையல் பிரிந்து, ஒருவருக்குக் கை வெந்துவிட்டது. விரல் தப்புமா என்று இன்னும் சொல்லவில்லை. ஆலைத் தொழிலாளர் சங்கம் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறது. யார் பொறுப்பு என்று இவர்கள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டாம் தேதி உங்களோடு போனில் பேசுவார்கள், வக்கீலும் இருப்பார்.

தயவுசெய்து நேராகப் பேசுங்கள், அண்ணா. மறந்தும் பாப்பா என்று கூப்பிட்டுவிடாதீர்கள்.

உங்கள்,
பாப்பா


ஏப்ரல் 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

போன் பேசிவிட்டு வந்ததிலிருந்து மனம் கொஞ்சம் லேசாக இருக்கிறது. அந்த மனுஷரின் விரலை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. பிழைத்ததா? சம்பவத்தைக் கேட்டதிலிருந்து தைக்கிற பெண்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. தான் தைத்ததாக இருக்குமோ என்று ஆளுக்கு ஆள் பயம்.

நூல் அவர்களுடையது என்பது அவர்களுக்கே தெரியும். தாங்காது என்று தெரிந்தும் மெஷினை நிறுத்தாதது என் தப்பு. அத்தனை பேர் நடுவில் "நூல் உங்களுது" என்று அவரைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் பதமாகச் சொன்னேன். "சார், நாம இதுல தப்புப் பண்ணிட்டோம். நாமளே சேந்து சரி பண்ணிடலாம்." அதற்கு மேல் எப்படி விளக்கிச் சொல்வது? நீ அவர்கள் பாஷையில் சொல்லி முடித்தாய். பிறகு உன் தொண்டைக்காரர் கனைத்துவிட்டு நன்றி சொன்னாரே, அது போதும் எனக்கு. பெரிய மனுஷர்தான். ஆளுக்குப் பாதி என்று ஏற்றுக்கொண்டுவிட்டார். நீ சொன்னதுபோல அவர்கள் ஒன்றும் புரியாத ஜனம் இல்லை.

அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டு எழுது.

அண்ணன்


மே 29

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. குழந்தைக்கு உடம்பு ஏதும் இல்லையே?

உன் ஆபீஸிலிருந்து ஃபாக்ஸ் வந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துப் படித்தபோதே தலை சுற்றியது. தப்பாகப் படிக்கிறேனோ என்று நம் ஊர் வக்கீல் ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனேன், அவர் தமிழில் சொன்னார். "தயாரிப்பாளர் தம்முடைய தவறு என்பதை முழுமையாக ஒப்புக்கொண்டு, தாமே அனைத்தையும் ஈடு செய்வதாக உறுதியளித்துள்ளார்." வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீங்களே ஒத்துக்கிட்டீங்களாமே. அப்புறம் என்கிட்ட எதுக்கு வந்தீங்க?" என்றார்.

ஆர்டர் ரத்து. அதோடு விட்டார்களா? நம் சரக்கை வாங்கும் மற்றவர்களுக்கும் அந்தத் தாளை அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொருவராகப் போன் செய்து, "பாக்கலாம் சார்" என்கிறார்கள். பாக்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நீ அவர்களிடம் என்ன சொன்னாய்?

அண்ணன்


ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அங்கே வெயில் எப்படி? இங்கே இப்போதுதான் மரங்கள் துளிர்க்கின்றன. குழந்தை சைக்கிள் ஓட்டப் பழகுகிறாள். இவருக்கு ஆபீஸில் இடம் மாற்றியிருக்கிறார்கள், ஜன்னல் பக்கத்து மேஜை. அம்மாவுக்குக் கால்வலி குறைந்ததா? அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன் அண்ணா. நாம தப்புப் பண்ணிட்டோம் என்றீர்கள். அதையே சொன்னேன். இவர்கள் மொழியில் "நாம"வுக்கும் "நாங்க"வுக்கும் ஒரே வார்த்தைதான். கேட்கிறவரையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று அந்த வார்த்தையை வைத்துத் தெரியாது. நீங்கள் பேசியதால் உங்கள் பட்டறை என்று எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், யோசிக்க நேரமில்லை.

தலைவரிடம் இப்போது பேச முடியாது. போன வாரம்தான் முழங்கால் ஆபரேஷன் ஆயிற்று. ஜூலை முடிய ஆஸ்பத்திரியும் ஓய்வும்தான், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று உத்தரவு. காயம்பட்டவருக்கு விரல் பிழைத்துவிட்டது. அதுவரைக்கும் நிம்மதி. உங்கள் பட்டறைக்கு இது ஒரு சோதனைக் காலம், கடந்துவிடும். எங்கள் ஆபீஸிலும் எல்லாருக்கும் வருத்தம்தான்.

தங்கள்,
பாப்பா


ஜூன் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகம். விரல் பிழைத்ததைப் பட்டறையில் சொன்னேன். ஒரு பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்கும்போது "உங்கள் பட்டறை" என்று வந்த இடத்தில் "நம்ம பட்டறை" என்று மாற்றி வாசித்தேன். மொழிபெயர்ப்பு எனக்கும் கொஞ்சம் வரும்.

ஒரு வார்த்தைதான் என்கிறாய், சரி. எந்த ஊரிலாவது "நீங்களும் நாங்களும்" என்று சொல்ல முடியாமல் இருக்குமா? மூன்று வார்த்தை ஆகுமா, நான்கு ஆகுமா? நாலு வயதில் என் முடியைப் பிடித்து இழுத்து நீ பிரித்துச் சொன்ன வித்தியாசம் பாப்பா அது. உனக்கு அது தெரியாது என்றால் நான் நம்ப வேண்டுமா?

போனது போகட்டும், உன்னைக் கோபித்துக்கொண்டு எனக்கு என்ன கிடைக்கப் போகிறது. ஒரே ஒரு வாக்கியம் கேட்கிறேன். "அவர் சொன்னது உங்களையும் சேர்த்து, நான் சரியாகச் சொல்லவில்லை" என்று அவர்களிடம் சொல். தொண்டைக்காரர் இல்லாவிட்டால் அவருக்கு மேலே இருப்பவரிடம் சொல். ஆர்டர் திரும்பி வர வேண்டாம். அனுப்பிய தாளைத் திரும்பப் பெற்றால் போதும், மற்ற வாடிக்கையாவது வரும். முப்பது பெண்கள் தினமும் காலையில் வந்து, மெஷினைத் துடைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என்னால் இன்னும் ஒன்றிரண்டு மாதம் தாங்க முடியும். அதற்கு மேல் முடியாது.

நீ என் தங்கை என்று சொல்ல வேண்டாம். மேடமாகவே சொல்.

அண்ணன்


ஜூலை 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே தலைவரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஆனால் கூட்டக் குறிப்பில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடிந்துவிட்டதாம், இனி திருத்த வழியில்லை என்று சொல்லிவிட்டார். என்னால் ஆனதைச் செய்துவிட்டேன்.

ஒரு நல்ல செய்தி. என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். சிக்கலான நேரத்திலும் எந்தப் பக்கமும் சாயாமல் மொழிபெயர்த்தேன் என்று மேலிடத்தில் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

தங்கள்,
பாப்பா


ஜூலை 17

பாப்பாவுக்கு,

சுகம்.

முழங்கால் ஆபரேஷன் ஆகி, ஜூலை முடிய எழுந்திருக்கக் கூடாத மனுஷர், உனக்காக அதற்குள்ளாகவே ஆபீஸ் அறைக்கு வந்து உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்டுப் பதிலும் சொல்லியிருக்கிறார். பெரிய மனசுதான்.

வேலை நிரந்தரமானதை அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். மற்றதைச் சொல்லவில்லை.

அண்ணன்


அக்டோபர் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அம்மா, அண்ணி, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? மூன்று மாதமாக ஒரு வரிகூட இல்லையே. உங்கள் கடைசிக் கடிதத்துக்கு எத்தனையோ முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நானும் மனுஷிதான் அண்ணா. எல்லாப் பழியையும் என் தலையில் வைக்காதீர்கள். நேராகப் பேசுங்கள், நேராகப் பேசுங்கள் என்று எத்தனை முறை எழுதினேன்! வாடிக்கைக்காரரின் மனம் நோகக் கூடாது என்று நீங்கள் ஒரு "நாம"வுக்குள் உங்கள் குற்றச்சாட்டு முழுவதையும் மடித்து வைத்து அனுப்புவீர்கள், அதை நான் அத்தனை பேர் முன்னால், வக்கீல் முன்னால், என் தலைவரின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்ட வேண்டுமா? உங்களுக்கு நல்ல பேர், எனக்குப் பொல்லாப்பா? நீங்கள் சொல்லக் கூசியதை நான் மட்டும் எப்படிச் சொல்வது? ஒரு நிமிஷத்தில் முடிந்துபோனது அது. எனக்கும் வீடு இருக்கிறது, குழந்தை இருக்கிறது, நானும் இங்கே கால் ஊன்ற வேண்டாமா?

போதும், இதை இத்தோடு மறந்துவிடுவோம். குடும்பத்துக்குள் என்ன இருக்கிறது? டிசம்பரில் எனக்கு ஒரு மாதம் லீவு. மூவரும் நம் வீட்டுக்கு வருகிறோம். மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கச் சொல்லுங்கள். குழந்தைக்குப் பாட்டியோடு படுத்துத் தூங்க வேண்டுமாம். நமக்குள் நேரில் பேசினால் எல்லாம் சரியாகிவிடும்.

பட்டறை எப்படிப் போகிறது?

உங்கள்,
பாப்பா


நவம்பர் 2

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம்.

நேராக எழுதும்படி தாங்கள் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். இப்போதுதான் பழகியிருக்கிறேன்.

எங்கள் பட்டறையை ஆகஸ்ட் கடைசியில் மூடிவிட்டோம். மெஷின்களை வாங்கிக்கொண்டவரிடமே நான் தோல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பெண்களில் ஆறு பேருக்கு அங்கே இடம் கிடைத்தது. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. வழியில் பார்த்தால் அவர்கள்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று.

தங்கள் கடிதத்தில் ஓர் இடம் நியாயம். நான் நேராகச் சொல்லியிருக்க வேண்டும். என் நாக்கு கூசியது உண்மை. நடுவில் இருப்பது கூடப்பிறந்தவள், பாதி சொன்னால் மீதியை அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்துவிட்டேன்.

டிசம்பரில் தாங்கள் வருவதாக எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டு மாடி அறையை வாடகைக்கு விட்டிருக்கிறோம். பஸ் நிலையத்துக்கு எதிரே புதிதாக ஒரு லாட்ஜ் வந்திருக்கிறது. சுத்தமாக இருக்கிறது, வெந்நீர் வருகிறது, குழந்தைக்கு வசதியாக இருக்கும். பார்க்க வருவதென்றால் மாலை ஐந்து மணிக்கு மேல் வரவும், அதற்கு முன் நான் வேலையில் இருப்பேன்.

கால்வலி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது பரவாயில்லை. எங்கள் அம்மா நலமாக இருக்கிறார்.

இப்படிக்கு,
கையுறை தைத்தவர்